மின் ஒற்றைச்சக்கர வண்டியை வீட்டிலேயே பழுதுபார்த்தலும் மேம்படுத்தலும்

மின் ஒற்றைச்சக்கர வண்டிக்கு பிரேக் என்று தனியாக ஓர் உறுப்பு கிடையாது. முன்னால் சாய்ந்தால் வேகமெடுப்பது, பின்னால் சாய்ந்தால் நிறுத்துவது, ஓட்டுபவரை முன்பின் விழாமல் தாங்குவது ஆகிய மூன்று வேலைகளையும் சக்கரத்துக்குள் இருக்கும் ஒரே மோட்டார்தான் செய்கிறது. கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் வண்டியின் சாய்வை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்க, கன்ட்ரோலர் போர்டு அதற்கேற்ற மின்னோட்டத்தை மோட்டாருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த மின்னோட்டம் அரை நொடி தடைபட்டாலும் ஓட்டுபவர் முன்பக்கமாகத் தரையில் விழுவார். ஆகவே, சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ "இப்போதைக்கு ஓடினால் போதும்" என்று விட்டுவிடக்கூடிய ஒரு தளர்ந்த கனெக்டரை இந்த வண்டியில் அப்படி விட்டுவிட முடியாது. பழுதானாலும் மேம்பாடானாலும், மோட்டாருக்குத் தேவைப்படும் கணத்தில் தேவைப்படும் ஆற்றல் தடையின்றிக் கிடைக்குமா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் வேலையை அளக்க வேண்டும்.

டயர், டியூப், பேரிங், கனெக்டர், கன்ட்ரோலர் போர்டு, ஹால் சென்சார் (மோட்டார் எந்த நிலையில் சுழன்று நிற்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் உணரி), வெளிக்கூடு, பெடல், விளக்கு ஆகியவற்றின் வேலைகளைப் பொறுமையும் மல்டிமீட்டரைப் பயன்படுத்தும் பழக்கமும் உள்ள எவரும் வீட்டில் செய்யலாம். பேட்டரிப் பொதியைப் பிரித்து செல்களை மாற்றும் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மின்னழுத்தமும் கைகளும்

முழுச் சார்ஜில் ஒரு லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட் காட்டும். 16 செல் வரிசை கொண்ட வண்டியில் அது 67.2 வோல்ட், 20 வரிசையில் 84 வோல்ட், 24 வரிசையில் 100.8 வோல்ட், 30 வரிசையில் 126 வோல்ட் ஆகும். நேர்திசை மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட எதையும் உடலுக்கு ஆபத்தானதாகவே கருத வேண்டும் என்பது மின்பணியாளர்களிடையே பொதுவான வழக்கம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு மேலே இருக்கின்றன. மோதிரம், கடிகாரம், கைச்சங்கிலி அனைத்தையும் கழற்றிவிட்டு, பிடியில் காப்புறை கொண்ட ஸ்க்ரூடிரைவர்களை மட்டும் பயன்படுத்தி, இயன்றவரை ஒரு கையால் மட்டுமே பேட்டரிப் பக்கம் வேலை செய்ய வேண்டும்.

எந்த வேலையானாலும் முதல் படி ஒன்றுதான்: வண்டியை அணைத்து, வெளிக்கூட்டைத் திறந்து, பேட்டரிக் கனெக்டர்களைக் கழற்றி, கழற்றிய முனைகளை மின்காப்பு நாடாவால் மூடுவது. அதோடு மின்சாரம் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. போர்டில் உள்ள பெரிய மின்தேக்கிகள் சில நிமிடங்களுக்குப் பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். 1 கிலோஓம், 10 வாட் மின்தடை ஒன்றைப் போர்டின் பேட்டரி உள்ளீட்டு முனைகளுக்குக் குறுக்கே பதினைந்து நொடி பிடித்து, பிறகு மல்டிமீட்டரால் அளந்து, அளவீடு ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இறங்கியதை உறுதிசெய்து கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளையும் இணைத்துத் தீப்பொறி பறக்கவிடும் வழக்கம் போர்டின் செம்புத் தடங்களையும் உருக்கும், கண்ணையும் பதம் பார்க்கும். இன்னொன்று: பேட்டரி கழற்றப்பட்டிருந்தாலும், சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றினால் மோட்டார் மின்னாக்கியாக மாறி அதே மின்தேக்கிகளை மீண்டும் ஏற்றிவிடும். போர்டில் கை வைத்திருக்கும்போது சக்கரத்தை யாரும் சுழற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் பேட்டரியை இணைக்கும்போது காலியாக இருக்கும் மின்தேக்கிகள் ஒரே பாய்ச்சலில் மின்னோட்டத்தை இழுப்பதால் கனெக்டரில் பெரிய தீப்பொறி எழும். 100 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் வழியாக முதலில் இரண்டு நொடி தொட்டு மின்தேக்கிகளை மெதுவாக ஏற்றிவிட்டு, அதன் பின் கனெக்டரைச் செருகினால் முனைகள் கருகாது.

இரண்டு பேட்டரிப் பொதிகளைப் பக்க இணைப்பில் கொண்ட வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. இரண்டையும் தனித்தனியே அளந்து, வேறுபாடு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டுமே ஒன்றாக இணைக்க வேண்டும். ஒவ்வொரு பொதியின் உள்மின்தடையும் 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், 10 வோல்ட் வேறுபாட்டில் ஒரு பொதியிலிருந்து மற்றொன்றுக்கு 25 ஆம்பியர் பாயும். எந்தச் சார்ஜரும் அந்தப் பொதிக்குள் செலுத்தத் துணியாத அளவு அது. சில வண்டிகளில் பொதிகள் தொடர் இணைப்பில் இருக்கும் என்பதால், கம்பிகள் எப்படிச் செல்கின்றன என்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

பழுது எங்கே இருக்கிறது

பாகங்களை வாங்குவதற்கு முன் பழுதின் இடத்தை உறுதிப்படுத்த வேண்டும். மிக எளிய சோதனைக்குக் கருவியே வேண்டாம். வண்டியை அணைத்த நிலையில் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள சக்கரம் லேசான காந்தப் பிடிப்போடு எளிதாகச் சுழலும். அதற்கு மாறாக, சேற்றில் சிக்கியதுபோல விட்டுவிட்டுத் தடுத்தால், மின்சுற்றில் எங்கோ ஃபேஸ் கம்பிகள் (மோட்டாருக்கு மின்னோட்டம் கொண்டுசெல்பவை) குறுக்கே இணைந்துவிட்டன என்று பொருள். இப்போது மோட்டாரிலிருந்து போர்டுக்கு வரும் மூன்று தடித்த ஃபேஸ் கம்பிகளையும் கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று படாதபடி விலக்கி வைத்து, மீண்டும் சுழற்றிப் பாருங்கள். தடை மறைந்துவிட்டால் பழுது போர்டில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சு) எரிந்திருக்கும். கம்பிகள் கழன்ற பிறகும் தடை தொடர்ந்தால், மோட்டாருக்குள்ளேயோ அச்சின் துளையிலிருந்து கம்பிகள் வெளிவரும் வளைவிலேயோ காப்புறை உருகிக் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டி பக்கவாட்டில் விழுந்து அச்சின் முனை தரையில் உரசும்போது அந்த வளைவுதான் முதலில் அடிபடுகிறது. ஆகவே அங்கிருந்தே தேடத் தொடங்கலாம்.

போர்டின் மீது சந்தேகம் விழுந்தால் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரி எதிர்முனைத் தடத்திலும் கறுப்பு முனையை ஒவ்வொரு ஃபேஸ் முனையிலும் வைத்தால் 0.4 முதல் 0.6 வோல்ட் வரை காட்ட வேண்டும். சிவப்பை ஃபேஸ் முனையிலும் கறுப்பைப் பேட்டரி நேர்முனையிலும் வைத்தால் அதே அளவு வர வேண்டும். மூன்று ஃபேஸ்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுவதுதான் முக்கியம். ஒன்று மட்டும் சுழியத்துக்கு அருகில் வந்தால் அந்தப் பக்கத்து மாஸ்ஃபெட் போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அது எரியும்போது அதை இயக்கும் சிறிய ஐசியும் அருகிலிருக்கும் மின்தடைகளும் கூடவே சேதமடைந்திருக்க வாய்ப்பு மிகுதி. வெளியே நன்றாகத் தெரிந்து ஏற்றத்தில் மீண்டும் கைவிடும் போர்டை நம்பி ஏறுவதைவிட, முழுப் போர்டையும் மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

புறப்படும்போது வண்டி நடுங்கினாலோ, உறுமலோடு அதிர்ந்தாலோ ஹால் சென்சாரைச் சோதிக்க வேண்டும். மெல்லிய ஐந்து கம்பிகளில் இரண்டு மின்வழங்கலுக்கும் மூன்று சைகைக்கும் உரியவை. ஆறாவது இருந்தால் அது பெரும்பாலும் வெப்பநிலை உணரிக்கு உரியது. ஹால் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, ஒவ்வொரு சைகைக் கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை ஒன்றை வைத்து, சக்கரத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் ஒவ்வொரு சைகையும் சுழியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறித் தாவ வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் மேலேயோ ஒரே நேரத்தில் கீழேயோ இருக்கும் நிலை, நலமாக உள்ள மோட்டாரில் வரவே வராது. அப்படி வந்தால் ஒரு சென்சார் செயலிழந்துள்ளது, அல்லது அதன் கம்பி அறுந்துள்ளது.

டயரும் டியூபும்

வீட்டில் அதிகம் செய்ய நேரும் வேலை இதுதான். சைக்கிள்போலச் சக்கரத்தை இரண்டு நட்டுகளில் கழற்றிவிட முடியாது. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, பெடல்களையும் பக்கமூடிகளையும் எடுத்து, ஃபேஸ் கம்பிகளையும் ஹால் கனெக்டரையும் பிரித்து, அச்சைப் பிடித்திருக்கும் கட்டைகளின் போல்ட்டுகளைத் தளர்த்திய பிறகே சக்கரம் வெளியே வரும். ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர்களின் வரிசையும் கம்பிகள் நுழையும் வழியும் திரும்பப் பூட்டும்போது நினைவில் நிற்பதில்லை. நீளம் வேறுபட்ட ஸ்க்ரூக்களை ஓர் அட்டையில் வண்டியின் வடிவத்தை வரைந்து அதன் மீதே குத்தி வைத்தால், நீண்ட ஸ்க்ரூவைத் தவறான துளையில் முறுக்கிப் பேட்டரிப் பொதியைத் துளைக்கும் விபத்து நேராது. வெளியே எடுத்த சக்கரத்தைக் கம்பி வெளிவரும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருபோதும் வைக்கக் கூடாது.

காற்றை முழுவதும் இறக்கி, டயரின் விளிம்பு ரிம்மின் இருக்கையிலிருந்து விடும்வரை சுற்றிலும் அழுத்துங்கள். மோட்டார் ரிம்மின் நடுப்பள்ளம் ஆழம் குறைந்தது என்பதால், லீவர் போட்ட இடத்துக்கு நேரெதிரே விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கிப் பிடிப்பதில்தான் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. சோப்பு நீரைத் தாராளமாகத் தடவி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் நகருங்கள். வலிமையைக் கூட்ட வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது என்று பொருள்.

புதிய டியூபில் அது உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, டால்கம் பவுடர் தூவி உள்ளே வைத்தால், மடிப்பும் லீவர் கடிப்பும் தவிர்க்கப்படும். வளைந்த வால்வுத் தண்டுள்ள டியூபே வசதியானது, ஏனெனில் ரிம்முக்கும் கூட்டுக்கும் இடையே காற்றடிக்கும் முனை நுழைய இடம் குறைவு. டயர் ஏறிய பின் இருபுறமும் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி மீண்டும் சோப்பு நீர் தடவ வேண்டும். கோணலாக உட்கார்ந்த டயர் இந்த வண்டியில் நேரடியாகப் பாதத்தில் அதிர்வாகத் தெரியும்.

காற்றழுத்தம் ஓட்டுபவரின் எடையையும் டயரின் அகலத்தையும் பொறுத்தது; டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள மேல்வரம்பை மீறக் கூடாது. பொதுவாக 25 முதல் 40 பிஎஸ்ஐ வரையிலான இடைவெளியில் ஒவ்வொருவரும் தமக்கான அளவைக் கண்டுகொள்கிறார்கள். குறைந்தால் ரிம் அடிபடும், திருப்பம் கனமாகும். கூடினால் சிறு கல்லும் தூக்கியடிக்கும்.

வேறு அளவு டயர் போடுவதை மேம்பாடாகக் கருதுவோர் இரண்டு விளைவுகளை மனத்தில் கொள்ள வேண்டும். வெளிவிட்டம் 3 சதவீதம் கூடினால், திரையில் 50 என்று காட்டும்போது உண்மை வேகம் 51.5 ஆக இருக்கும். அதே நேரம் ஏற்றத்திலும் பிரேக்கிடும்போதும் மோட்டாரின் பிடி அதே விகிதத்தில் குறையும். கரடுமுரடான முடிச்சு டயர் மண்பாதையில் மிக நல்லது. ஆனால் கூட்டின் உட்புறத்தோடு சில மில்லிமீட்டர் இடைவெளியாவது எஞ்ச வேண்டும், ஏனெனில் காற்றடித்த பின் புது டயர் மேலும் சற்று விரியும்.

பேரிங்

சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றும்போது கரகரப்பு கேட்டாலோ, பக்கவாட்டில் ஆட்டினால் அசைந்தாலோ பேரிங் தேய்ந்துவிட்டது. அதன் மேல் பொறித்துள்ள எண்ணிலேயே அளவு இருக்கிறது: 6204 என்றால் உள்விட்டம் 20 மி.மீ., 6205 என்றால் 25, 6206 என்றால் 30. இருபுறமும் ரப்பர் மூடியுள்ள வகையையே வாங்குங்கள்.

மோட்டாரைத் திறப்பது எளிதாகத் தோன்றினாலும், உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்களின் இழுவை எதிர்பார்ப்பதைவிடப் பலமடங்கு வலிமையானது. பக்கமூடியின் இருப்பைப் பென்சிலால் குறித்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, இழுப்பான் கருவியால் மட்டுமே மெதுவாக இழுக்க வேண்டும். மூடி விடுபடும் கணத்தில் ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத, கம்பிச்சுருள் கொண்ட நடுப்பகுதி) ஒரு பக்கமாகப் பாய்ந்து காந்தத்தில் மோதும். இடையில் விரல் இருந்தால் எலும்பு முறியலாம். புதிய பேரிங்கை மூடியில் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த விசை குண்டுகள் வழியாகச் சென்று, புதிய பேரிங் முதல் நாளிலேயே கெட்டுவிடும்.

போர்டும் இணைப்புகளும்

மாற்றுப் போர்டு அதே மாடலுக்கும் அதே மின்னழுத்தத்துக்கும் அதே வன்பொருள் பதிப்புக்கும் உரியதாக இருக்க வேண்டும். மாஸ்ஃபெட்டுகளின் உலோக முதுகுக்கும் வெப்பத்தட்டுக்கும் இடையே மின்காப்புத் தகடு வைக்கும் அமைப்பாக இருந்தால், பூட்டிய பிறகு ஒவ்வொன்றின் முதுகுக்கும் வெப்பத்தட்டுக்கும் இடையே இணைப்பு இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். தகட்டைத் துளைத்து நிற்கும் ஓர் உலோகத் துகள் போதும், மின்சாரம் தந்த உடனே எல்லாம் எரிய.

ஃபேஸ் கனெக்டர்களைக் கையிலெடுத்து நன்றாகப் பாருங்கள். மஞ்சள் பூச்சு பழுப்பாக மாறியிருந்தாலோ, பிளாஸ்டிக் உறை சற்றே உருகி வளைந்திருந்தாலோ, அந்த இணைப்பில் மின்தடை கூடி வெப்பம் உருவாகிக்கொண்டிருந்தது என்று அறியலாம். தேய்த்துச் சுத்தம் செய்வது போதாது. வெட்டி எறிந்துவிட்டு, வெப்பத் திறன் மிகுந்த சால்டரிங் அயர்னால் புதிய கனெக்டரை ஈயம் முழுவதும் ஊடுருவும்படி பற்றவைத்து, சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

நீர்ப்புகாமைக்குச் சிலிக்கான் பூசுபவர்கள் வினிகர் வாசனை வரும் வகையைத் தவிர்க்க வேண்டும். அது உலரும்போது வெளியிடும் அமிலம் செம்பை அரிக்கும். மின்னணுப் பொருள்களுக்கென்று விற்கப்படும் நடுநிலை வகையே ஏற்றது.

பேட்டரி

பேட்டரியில் நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் அளப்பதும் கவனிப்பதும்தான். முழுச் சார்ஜுக்குப் பின் 84 வோல்ட் வண்டி 82 மட்டுமே காட்டுமானால், முதலில் சார்ஜரின் வெளியீட்டை அளக்க வேண்டும். அது சரியாக இருந்தால் ஏதோ ஒரு செல் குழு பின்தங்கியிருக்கிறது. கைப்பேசிச் செயலியில் செல் அளவுகளைக் காட்டும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) இருந்தால், முழுச் சார்ஜில் குழுக்களுக்கிடையே வேறுபாடு 0.05 வோல்ட்டுக்குள் இருப்பது நல்ல நிலை. வேறுபாடு 0.1ஐத் தாண்டியும், நூறு சதவீதத்தில் சில மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவைத்தும் குறையவில்லை என்றால் அந்தப் பொதி நிபுணரிடம் செல்ல வேண்டியது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே நீண்ட நாள் கிடந்த செல்லை மீண்டும் ஏற்ற முயலக் கூடாது. நீர் புகுந்து பச்சை அல்லது வெள்ளைப் படிவு தெரியும் பொதி, கரைப்பான்போல இனிப்பு வாசனை வீசும் பொதி ஆகியவற்றை வீட்டுக்குள் வைத்திருக்கவே வேண்டாம்.

செல்களை மாற்றும் வேலையை ஏன் வீட்டில் செய்யக் கூடாது என்றால், புள்ளி வெல்டிங், செல்களின் உள்மின்தடை பொருத்தம், குழுக்களிடையே காப்பு ஆகிய மூன்றில் எது தவறினாலும், விளைவு பல மாதங்களுக்குப் பிறகு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஓர் இரவில் தீயாக வெளிப்படலாம். பிஎம்எஸ்ஸைத் தாண்டிக் கம்பி இழுத்து வண்டியை ஓடவைக்கும் குறுக்குவழியும் அதே வகைதான். வண்டியை நீண்ட நாள் நிறுத்திவைப்பதானால் செல்லுக்கு 3.7 முதல் 3.8 வோல்ட் வரை இருக்கும்படி, ஏறத்தாழப் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

பயன் தரும் மேம்பாடுகள்

ஓட்டத்தை உண்மையில் மாற்றுவது கால்பட்டைகள்தான். கணைக்கால் எலும்புக்கு முன்னால் ஒன்றும் கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒன்றுமாகப் பொருத்தும்போது, பாதத்தால் மட்டும் செய்துவந்த வேகமெடுப்பையும் நிறுத்தத்தையும் முழுக் காலால் செய்ய முடிகிறது. வழக்கமாக அணியும் காலணியோடு வண்டியில் நின்று, இயல்பான நிலையில் காலைக் குறித்துக்கொண்டு, அவசரத்தில் குதித்து இறங்கக் கால் தடையின்றி வெளியே வரும் அளவுக்கு இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டிய பின் ஒருநாள் முழுவதும் விட்டுவையுங்கள்.

அடுத்து, முள் பதித்த அகலமான பெடல். மழையில் பாதம் வழுக்காமல் இருப்பது ஆடம்பரமன்று. அதிர்வுத் தாங்கி உள்ள வண்டிகளில், ஏறி நின்றதும் அதன் மொத்த நகர்வில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை அமுங்கும்படி காற்றையோ ஸ்பிரிங்கையோ சரிசெய்தால், பள்ளத்திலும் மேட்டிலும் இரு பக்கமும் இடம் இருக்கும்.

கூடுதல் விளக்குக்கு 12 வோல்ட் தரும் மாற்றியை வாங்கும்போது, அதன் உள்ளீட்டு வரம்பு முழுச் சார்ஜ் மின்னழுத்தத்தைவிடக் கணிசமாக மேலே இருக்க வேண்டும். முழுச் சார்ஜோடு இறக்கத்தில் பிரேக்கிட்டால் மோட்டார் திருப்பியனுப்பும் ஆற்றல் மின்னழுத்தத்தை இன்னும் உயர்த்தும். ஃபியூஸை மின்வழங்கல் முனைக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும்.

வேக எச்சரிக்கை ஒலியையும், பெடலைப் பின்னால் சாய்க்கும் பாதுகாப்பையும் செயலியில் அணைத்துவிடுவதைச் சிலர் மேம்பாடு என்கிறார்கள். வேகம் கூடக்கூட மோட்டார் தானே உருவாக்கும் எதிர்மின்னழுத்தம் உயர்ந்து, பேட்டரி மின்னழுத்தத்துக்கும் அதற்கும் இடையே எஞ்சும் இடைவெளி சுருங்குகிறது. சமநிலையைக் காக்கும் முறுக்குவிசை அந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது. சார்ஜ் குறைந்தால் அது இன்னும் சுருங்கும். எச்சரிக்கை ஒலி அறிவிப்பது அந்த எல்லையைத்தான், அதை அணைப்பவர் எல்லையை நகர்த்துவதில்லை.

பூட்டியபின் சோதனை

உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூக்களுக்கு நீலநிற நடுத்தர வலிமைப் பூட்டுப்பசை ஒரு துளி போதும். பிளாஸ்டிக் மீது அது படக் கூடாது, கூடு வெடிப்பு விடும். போர்டு மாற்றியிருந்தால், வண்டியை முன்பின் சாயாமல் நேராகப் பிடித்து, செயலியின் வழியாகக் கிடைநிலை அளவீட்டைச் செய்யுங்கள். பின்னர் கைப்பிடியைப் பிடித்தபடி, சக்கரம் தரையில் இருக்க, மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள்; சாய்த்த திசையிலேயே சக்கரம் உருண்டு, வண்டி மீண்டும் நிமிர வேண்டும். எதிர்த்திசையில் ஓடினாலோ நடுங்கினாலோ உடனே அணைத்து, ஃபேஸ் கம்பிகளின் வரிசையையும் ஹால் கனெக்டரையும் சரிபாருங்கள். சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி முழு வேகத்துக்குச் சுழலவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சுமையற்ற அந்த வேகம் ஓட்டக்கூடிய வேகம் அன்று.

முதல் ஓட்டத்தில் தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு அணிந்து, நடை வேகத்தில் தொடங்கி, ஒரு சிறிய ஏற்றத்திலும் ஒரு பலமான நிறுத்தத்திலும் வண்டியைச் சோதியுங்கள். திரும்பி வந்ததும் மின்னிணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகளை வடித்தபின், ஃபேஸ் கனெக்டர்களைத் தொட்டுப் பாருங்கள்; மூன்றும் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்த இணைப்பை மீண்டும் போட வேண்டும். அச்சுக் கட்டையின் போல்ட்டுகளையும் பெடல் தாங்கிகளின் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து கட்டை வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அடுத்தடுத்த ஓட்டங்களுக்குப் பின் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால், அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது.